சாமுண்டீஸ்வரி மேட்ச் பார்க்கக்கூடாது

அத்தியாயம் 9

பரந்தாமன் தன் சட்டையைத் துவைக்க விடமாட்டேன் என்று அடம்பிடித்ததோடு போன வாரம் விட்டோம். இன்றுவரை அது துவைக்கப்படவில்லை. நாலு நாளாயிற்று. வீட்டில் யாரும் அவர் பக்கத்தில் உட்காருவதில்லை.

புதிதாகப் படிக்க உட்கார்ந்தவர்களுக்கு அந்தச் சட்டையின் அருமை புரிய வேண்டுமென்றால் பாங்காக்கில் நடந்ததைச் சொல்ல வேண்டும். பாரிவாக்கம் பரந்தாமனின் மகள் தேவிப்பிரியா இந்திய மகளிர் கால்பந்து அணியின் கோல்கீப்பர். எட்டு நாடுகள் கோப்பைக்காக அணி பாங்காக் போயிருக்கிறது. முதல் மேட்ச்சில் வியட்நாமிடம் மூன்று கோல் வாங்கித் தோற்றார்கள். மூன்றாவது கோல் தேவிப்பிரியாவின் காலிடுக்கில் புகுந்து போயிற்று. புதன்கிழமை அவளை வெளியே உட்கார வைத்துவிட்டு ரோஷினி என்ற பெண்ணை நிறுத்தினார்கள். நேபாளத்தை ஒரு கோலில் ஜெயித்தார்கள். இன்று ஞாயிற்றுக்கிழமை, உஸ்பெகிஸ்தானோடு மூன்றாவது மேட்ச். டிரா செய்தாலே அரையிறுதி. தோற்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

சட்டை எங்கே வந்தது என்கிறீர்களா? புதன்கிழமை ஜெயித்தபோது பரந்தாமன் போட்டிருந்த சட்டை அது.

அவர் ஒருவருக்கு மட்டும் இந்தக் கிறுக்கு என்றால் சமாளித்துவிடலாம். தெருவுக்கே பிடித்திருந்தது. பரந்தாமன் பந்தல், நாற்காலி, சவுண்டு செட் வாடகைக்கு விடுகிற சப்ளையர்ஸ் வைத்திருப்பவர். முன்பு நெல் போட்ட நிலத்தில் மிச்சமிருக்கும் துண்டில்தான் அவருடைய குடோன் நிற்கிறது. மகள் ஆடுகிறாள் என்றதும் தெருவை அடைத்துப் பந்தல் போட்டு, எல்.இ.டி. திரை கட்டி, நூற்றைம்பது நாற்காலி இறக்கிவிட்டார். புதன்கிழமை யார் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்களோ அதே நாற்காலியில்தான் இன்றும் உட்கார வேண்டும் என்று சட்டம். நாற்காலி முதுகில் சாக்பீஸால் பெயர் எழுதியாயிற்று. பரந்தாமனின் தம்பி டில்லிபாபு, இந்தியா கோல் போட்டபோது ஏணி மேல் நின்று பந்தல் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். பாவம், மேட்ச் முடிகிற வரை அவனை இறங்க விடவில்லை. இன்றும் ஏணி தயாராக நின்றது.

இதே கணக்கில்தான் பரந்தாமனின் மனைவி சாமுண்டீஸ்வரியின் தலையிலும் விடிந்தது. வியட்நாம் மேட்ச்சை அவள் முதல் வரிசையில் உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்த்தாள். மூன்று கோல். நேபாளம் மேட்ச் அன்றைக்கு மிளகாய் அரைக்கப் பூந்தமல்லி மெஷினுக்குப் போயிருந்தாள். வெற்றி. இதற்கு மேல் தெருவுக்கு வேறு அத்தாட்சி வேண்டுமா என்ன?

"அண்ணி, தப்பா நெனச்சுக்காத. நீ மட்டும் பாக்காம இருந்துடு, போதும்" என்று டில்லிபாபுதான் வந்து சொன்னான்.

சாமுண்டீஸ்வரிக்குக் கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வரவில்லை. அவளுக்கே உள்ளுக்குள் அந்தச் சந்தேகம் இருந்தது. பெற்ற பெண் ஆடுகிற ஆட்டத்துக்குத் தன் கண்ணே ஆகாதோ என்று நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை.

இந்த லட்சணத்தில்தான் ஞாயிறு காலை ஆறு மணிக்கு தேவிப்பிரியாவிடமிருந்து போன் வந்தது.

"அம்மா, பக்கத்துல யார்னா கீறாங்களா?"

"உங்க நைனா தூங்கினு கீறாரு. இன்னாடி, குரலே ஒரு மாதிரி கீது?"

"ரோஷினிக்கு வெரல் வீங்கிப்போச்சும்மா, நேத்து பிராக்டீஸ்ல. இன்னிக்கி நான்தான் நிக்கறேன்."

சாமுண்டீஸ்வரி தூங்கும் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். சந்தோஷமா பயமா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை. "நைனாவ எழுப்பட்டா?" என்றாள்.

"வாணாம். நைனாகிட்ட சொல்லாத. மேட்ச் ஆரம்பிச்சா அவருக்கே தெரிஞ்சுடும். அதுவரிக்கும் சொல்லாத."

"ஏண்டி, பாவம்டி அவரு."

"அந்த வீடியோ கீதுல்ல, என் பொண்ணு ஒரு கோல் கூட வுடமாட்டான்னு யூடியூப்காரங்ககிட்ட பேசினாரே. வியட்நாம் மேட்ச்சுக்கு முந்தின நாளு ரூம்ல எல்லாரும் அத்தப் பாத்தாளுங்கம்மா. தமிழ் தெரியாதவளுங்க என்னாண்டயே அர்த்தம் கேட்டாளுங்க. நான்தான் ஒவ்வொரு வார்த்தையா சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கு கையெல்லாம் ஜில்லுனு ஆயிடுச்சு. மறுநாளு பந்து வந்தப்பவும் அப்டியேதான் இருந்துச்சு."

மூன்று கோல் வாங்கிய பிறகு அதே வீடியோவை ஊரெல்லாம் போட்டுச் சிரித்தது சாமுண்டீஸ்வரிக்குத் தெரியும். அதற்கு முன்பே அது மகளின் கையைக் கட்டிப்போட்டது தெரியாது.

"நான் இன்னா பண்ணட்டும், சொல்லு."

"நீ பாரும்மா. எல்லாரும் பந்தத்தான் பாப்பாங்க. நீ என்னிய பாரு. ஒருத்தியாவது என்னை மட்டும் பாத்துகினு கீறான்னு தெரிஞ்சா நான் நின்னுடுவேன்."

தெரு போட்ட தீர்ப்பை எந்த வாயால் சொல்வது? "சரிடி, பாக்கறேன்" என்று சொல்லிவிட்டாள். போனை வைத்த பிறகுதான், என்ன சொல்லிவிட்டோம் என்று உறைத்தது.

* * *

மத்தியானம் இரண்டு மணிக்கெல்லாம் தெரு நிறைந்துவிட்டது. பரந்தாமன் அந்தச் சட்டையோடு பந்தலுக்குக் கீழே குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். "அந்த நாற்காலி உன்னுது இல்லப்பா, எந்திரி" என்று யாரையோ விரட்டிவிட்டு நேராகச் சமையலறைக்கு வந்தார். கையில் ஒரு கட்டைப்பை.

"இந்தா சாமுண்டி. ரெண்டு கிலோ மொளகா, ஒரு கிலோ தனியா. போன தபா மாதிரியே."

"ஏங்க, போன தபா அரைச்சதே டப்பாவுல எடம் இல்லாம கீது. இத்த வெச்சிக்கினு ஊருக்கே கொழம்பு வெக்கறதா?"

"அம்மா உள்ள ரூம்ல கதவ சாத்திக்கினு இருக்கட்டுமே நைனா" என்று மகன் கோபி திரைக்கு ஒயர் மாட்டிக்கொண்டே சொல்லிப் பார்த்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்டு முடித்துத் தூங்காமல் வந்து நிற்கிறவன். அவனுக்கு அதற்கு மேல் வாதாடத் தெம்பில்லை.

"போன தபா ரூம்லயா இருந்தா? மெஷின்ல இருந்தா. மெஷினுக்குத்தான் போவணும்." பரந்தாமன் குரலைத் தாழ்த்தினார். "சாமுண்டி, உன்னிய துரத்தறேன்னு நெனைக்காத. டீம் ஜெயிச்சா பாப்பாவுக்கு வியாழக்கிழமை இன்னொரு சான்ஸ் குடுப்பாங்க. தோத்தா அந்த மூணு கோலோடவே ஊருக்கு வரணும். அத்த நெனச்சா எனக்குத் தூக்கம் வரல."

சாமுண்டீஸ்வரி அவர் முகத்தைப் பார்த்தாள். இந்த மனிதர் பதினோரு வருஷம் விடிகாலை ஐந்து மணிக்கு நாற்காலி ஏற்றுகிற டெம்போவில் மகளை உட்காரவைத்து ஆவடி கிரவுண்டுக்குக் கொண்டுபோய் விட்டவர். பெண்ணுக்கு ஷூ வாங்க வேண்டுமென்றால் முதல் ஆளாக நிற்பார். எல்லாம் சரி, வாயைத்தான் கட்ட மாட்டார். 'பாப்பா இன்னிக்கு ஆடுகிறாள்' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் அடுத்த நிமிஷம் மைக்கில் அறிவிப்பார். பாங்காக் வரைக்கும் கேட்கும்.

பையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

* * *

மெஷின் வைத்திருக்கும் ஜமீலாவுக்கு அவளைப் பார்த்ததும் சிரிப்பு. "இன்னா சாமுண்டி, புதன்கெழமதானே ரெண்டு கிலோ அரைச்சே. ஊட்ல கல்யாணமா?"

சாமுண்டீஸ்வரி நடந்ததை எல்லாம் கொட்டித் தீர்த்தாள். ஜமீலா அவளோடு சேர்ந்து மிளகாயை அள்ளித் தட்டில் போட்டுக்கொண்டே கேட்டாள். சிரிக்கவா வேண்டாமா என்று தெரியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "சரி, பாக்கறேன்னு பொண்ணுக்கு வாக்கு குடுத்துட்ட. எதுல பாப்பே? என்னுது பட்டன் போனு."

"என் போன்ல அந்தப் படம் வர்றது இல்லக்கா. கோபி என்னாவோ பாஸ்வேர்டு போட்டு வெச்சிக்கீறான்."

அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தாள் காவ்யா. பக்கத்தில் புதிதாக எழும்பிய அபார்ட்மெண்டில் இருப்பவள், ஐ.டி. கம்பெனியில் வேலை, சொந்த ஊர் தேனி. ஒரு கையில் குழந்தைக்குச் சத்துமாவு அரைக்க வறுத்த தானியம், இன்னொரு கையில் போன். உடம்பில் இந்திய அணியின் நீல ஜெர்சி.

"அக்கா, மேட்ச் ஆரம்பிக்கப் போகுது. இங்க நின்னு பாத்துக்கவா? வீட்ல பிள்ளை பாக்கவே விடமாட்டேங்குது."

ஜமீலா மிளகாய் மெஷினைப் போடாமலே விட்டாள். மாவு சலிக்கிற மேசையைத் துடைத்து, போனை ஒரு எடைக்கல்லில் சாய்த்து வைத்தாள். மூன்று பேரும் மூன்று டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்கள்.

அணிகள் வரிசையில் நின்றன. கடைசியில் பச்சை உடையில் தேவிப்பிரியா. உடனே சாமுண்டீஸ்வரியின் போன் அலறியது. பரந்தாமன்.

"சாமுண்டி, பாப்பா ஆடுது. நம்ம பாப்பா. நீ வந்துடாத, அங்கியே இரு." அதோடு கட். பின்னால் தெருவே ஆடிக்கொண்டிருந்த சத்தம் மட்டும் காதில் நின்றது.

இங்கே காவ்யா தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ, இவங்களையா போட்டுருக்காங்க? வியட்நாம் மேட்ச்ல காலுக்குள்ள விட்டாங்களே, அவங்கதான். இவங்க அப்பா வேற ஒரு வீடியோல, ஒரு கோல் கூட..."

ஜமீலா வாயைத் திறந்தாள். சாமுண்டீஸ்வரி அவள் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள்.

"பாத்தேம்மா, அந்த வீடியோவ" என்றாள் சாமுண்டீஸ்வரி.

ஆட்டம் தொடங்கியது. உஸ்பெகிஸ்தான் பெண்கள் ஆளாளுக்குப் பனைமரம் போல நின்றார்கள். மகளைப் பார் என்றால் எங்கே பார்ப்பது? பந்து அந்தக் கோடியில் இருந்தால் கேமராவும் அந்தக் கோடிக்கே ஓடியது. "இவன் இன்னா பந்தையே காட்டிக்கினு கீறான்" என்று சாமுண்டீஸ்வரி முணுமுணுத்தாள். காவ்யா விசித்திரமாகத் திரும்பிப் பார்த்தாள். கால்பந்தில் வேறு எதைக் காட்டுவார்கள் என்று அவளுக்குப் புரியவில்லை.

இருபதாவது நிமிஷம் ஒரு பந்து வேகமாக வந்தது. தேவிப்பிரியா நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "பரவால்ல" என்றாள் காவ்யா, அரை மனதாக.

முப்பத்தொன்றாவது நிமிஷம் கார்னர். தேவிப்பிரியா பந்தைக் குத்த முன்னால் ஓடி வந்தாள். கை எட்டவில்லை. பின்னால் நின்ற நெட்டைப் பெண் தலையால் முட்டினாள். கோல்.

"நான் சொன்னேன்ல?" காவ்யா போனைக் கவிழ்த்தே வைத்துவிட்டாள்.

சாமுண்டீஸ்வரி எழுந்தாள். வெளியே போய் ரோட்டோரம் நின்றாள். பஸ்ஸும் லாரியும் போய்க்கொண்டிருந்தன. எல்லாம் தன்னால்தான் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. புதன்கிழமை பார்க்காமல் இருந்தவள் இன்றைக்கும் இருந்திருக்கக்கூடாதா? ஆசைப்பட்டுக் கெடுத்தாயே பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள். கண் கலங்கியது.

போன் அடித்தது. டில்லிபாபு, ஏணி மேலிருந்து.

"அண்ணி, எங்க கீறே?"

"மெஷின்லதான்."

"மெஷின் சத்தமே கேக்கலியே."

"நிறுத்தி வெச்சிக்கீறாங்க."

"அதான பாத்தேன். அதான் கோல் பூந்துடுச்சு. போன தபா மெஷின் ஓடிக்கினே இருந்துச்சுல்ல? ஜமீலாம்மாவ ஓட்டச் சொல்லு அண்ணி, சீக்கிரம். இங்க அண்ணன் தலையில துண்டு போட்டுக்கினு குந்திக்கீறாரு."

சாமுண்டீஸ்வரி காதிலிருந்து போனை எடுத்து அதையே பார்த்தாள். பூந்தமல்லியில் மிளகாய் மெஷின் நின்றால் பாங்காக்கில் கோல் விழுமாம். ஒரு கொழுந்தன் ஏணி மேல் நின்றுகொண்டு சொல்கிறான். அவளுக்கு முதலில் உதடு துடித்தது. பிறகு சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. நடுரோட்டில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஷேர் ஆட்டோவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மெஷின்தான் ஜெயிக்க வைக்கும் என்றால் பதினோரு வருஷம் விடிகாலையில் எழுந்து விழுந்து புரண்டாளே அந்தப் பெண், அது எதற்கு? முழங்கையில் தோல் உரிந்து உரிந்து தழும்பேறிப் போயிருக்கிறதே, அது எதற்கு? அவள் கோல் விட்டால் அவள் விட்டது. பிடித்தால் அவள் பிடித்தது. அதில் பங்கு கேட்க நான் யார், இந்தத் தெரு யார்?

"கொழுந்தனாரே, ஏணியிலேருந்து வுழுந்துடாத" என்று சொல்லிவிட்டுப் போனை அணைத்தாள். உள்ளே போய், கவிழ்ந்திருந்த போனை நிமிர்த்தி வைத்தாள்.

காவ்யா, "இன்னும் பாக்கணுமாக்கா?" என்றாள்.

"கோல் வுட்டாலும் பாக்கணும்மா. நல்லா ஆடும்போது மட்டும் பாக்கறதுக்கு நாம எதுக்கு?"

காவ்யாவுக்கு முகம் ஒரு மாதிரி ஆயிற்று. டின்னை இழுத்துப் போட்டு மறுபடி உட்கார்ந்தாள்.

இடைவேளைக்குப் பிறகு இந்தியா வேறு அணியாக இறங்கியது. பயந்து பயந்து தட்டிக்கொண்டிருந்தவர்கள் ஓட ஆரம்பித்தார்கள். தேவிப்பிரியா கத்திக் கத்தி முன்னால் நின்றவர்களை நிறுத்திவைத்தாள். அவள் குரல் கூடப் போனில் கேட்டது. எழுபத்திரண்டாவது நிமிஷம் ஒரு பந்தைப் பிடித்தவள் ஒரு கணம்கூட நிற்கவில்லை, ஓங்கி உதைத்தாள். அது பாதி மைதானத்தைத் தாண்டிப் போய்க் குதித்தது. இந்தியப் பெண் ஒருத்தி தனியாக ஓடிப் பிடித்துக் கோலுக்குள் தள்ளினாள். ஒன்றுக்கு ஒன்று.

ஜமீலா தனியாத் தட்டைத் தூக்கிப் போட்டுவிட்டாள். தனியா தரையெல்லாம் உருண்டது. யார் அதைக் கவனித்தார்கள்?

கடைசிப் பத்து நிமிஷத்தை எப்படிச் சொல்வது? பந்து இந்தியப் பக்கத்தை விட்டு நகரவே இல்லை. அதில் ஒரு நன்மை. கேமரா இப்போது தேவிப்பிரியாவையே காட்டியது. ஒரு பந்தைக் காலால் தடுத்தாள். இன்னொன்றைக் குத்தி வெளியே அனுப்பினாள். ஒவ்வொரு பந்தையும் தடுத்த பிறகு இரண்டு கையுறையையும் ஒன்றோடொன்று தட்டிக்கொண்டாள். சின்ன வயதில் பரீட்சைக்குக் கிளம்பும்போது கையைத் தேய்த்துக்கொள்வாளே, அதேதான். சாமுண்டீஸ்வரி பந்தைப் பார்க்கவே இல்லை. மகளைத்தான் பார்த்தாள்.

கூடுதல் நேரம் மூன்றாவது நிமிஷம், அதே நெட்டைப் பெண் அதே மாதிரி முட்டினாள். பந்து வலது மூலையில் தரையோடு இறங்கியது. தேவிப்பிரியா உடம்பை நீட்டிப் பாய்ந்தாள். விரல் நுனியில் பட்ட பந்து கம்பத்தில் மோதி வெளியே போயிற்று. அடுத்து வந்த கார்னரில் தயங்காமல் முன்னால் வந்தாள். இந்த முறை எட்டியது. பந்தை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே விழுந்து, அதன் மேலேயே படுத்துக்கொண்டாள். விசில். டிரா. அரையிறுதி உறுதி.

காவ்யா கதறிவிட்டாள். ஜமீலாவைக் கட்டிக்கொண்டாள், சாமுண்டீஸ்வரியைக் கட்டிக்கொண்டாள். சாமுண்டீஸ்வரி தேம்பித் தேம்பி அழுதாள். அழுதவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மிளகாய் அள்ளிக் கொட்டிய கை. அடுத்த நிமிஷம் "ஐயோ ஐயோ" என்று குதிக்க ஆரம்பித்துவிட்டாள். ஜமீலா சொம்பில் தண்ணீர் கொண்டு வந்து முகத்தில் ஊற்றினாள்.

"எதுக்குக்கா இப்படி அழறீங்க?" என்றாள் காவ்யா, தானும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

இனியும் கிள்ளு வாங்க ஜமீலா தயாராக இல்லை. "பின்ன? அவ பெத்த பொண்ணுமா அது."

காவ்யாவுக்கு முகம் வெளிறிப் போயிற்று. "அக்கா, நான் என்னென்னமோ சொல்லிட்டேனே."

"நீ சொன்னது சரிதாம்மா. அந்த மூணாவது கோலு புடிக்க வேண்டியதுதான்" என்றாள் சாமுண்டீஸ்வரி, சிவந்த கண்ணோடு சிரித்துக்கொண்டே.

* * *

பாரிவாக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே பட்டாசுப் புகை. டில்லிபாபு ஒருவழியாக ஏணியை விட்டு இறங்கி ரோட்டில் ஆடிக்கொண்டிருந்தான். சாமுண்டீஸ்வரியைக் கண்டதும் மாலையோடு ஓடி வந்தான்.

"அண்ணிதான் ஜெயிக்க வெச்சாங்க. நான் போன் பண்ணப்புறம் மெஷின ஓட்டச் சொன்னாங்க பாரு, அங்கதான் மேட்ச்சே திரும்பிச்சு."

"வியாழக்கெழம செமி பைனல். அஞ்சு கிலோவா குடுத்து அனுப்பணும்" என்றது பந்தலுக்குள்ளிருந்து ஒரு குரல். எல்லோரும் கைதட்டினார்கள்.

பரந்தாமனின் நாலு நாள் சட்டை வேர்வையில் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. மனைவியைப் பார்த்து முகமெல்லாம் சிரித்தார், அவ்வளவுதான்.

சாமுண்டீஸ்வரி மாலையைக் கழற்றி டில்லிபாபு கழுத்திலேயே போட்டாள்.

"மெஷின் ஓடவே இல்ல. நான் மேட்ச் பாத்தேன். கோலு போனதையும் பாத்தேன், கடைசிப் பந்து புடிச்சதையும் பாத்தேன். மொளகா இந்தா, அரைக்காம அப்டியே கீது."

நூற்றைம்பது பேரும் ஒரு பெரிய கணக்குத் தப்பிப் போனதைப் போல முழித்தார்கள். முதலில் சிரித்தவன் கோபி. அப்புறம் பந்தல் முழுக்கச் சிரிப்பு.

"ஏன் பாத்தே?" என்றார் பரந்தாமன். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"அவதான் பாக்கச் சொன்னா. காலையில போன் பண்ணப்பவே..." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"காலையிலயா? அப்ப பாப்பா ஆடுறது உனக்கு காலையிலயே தெரியுமா?"

பொய் சொல்ல அவளுக்கு இனி வரவில்லை. கணவனைக் கையைப் பிடித்து வீட்டுக்குள் அழைத்துப் போனாள். மெதுவாகச் சொன்னாள். அந்த வீடியோ, அந்த ரூம், மகள் ஒவ்வொரு வார்த்தையாக அர்த்தம் சொன்னது, கை ஜில்லிட்டது. எதையும் விடவில்லை. வெளியே பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தது. பரந்தாமன் சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"பெருமையாத்தானே சொன்னேன் சாமுண்டி."

"பெருமைதான். யாரு இல்லேன்னா? அவ தலையில ஏத்திட்டீங்க, அதான்."

அப்போதுதான் பாங்காக்கிலிருந்து போன் வந்தது. சாமுண்டீஸ்வரி எடுத்ததும், "பாத்தியாம்மா?" என்று கத்தினாள் தேவிப்பிரியா. பின்னால் ஒரே பாட்டும் கூத்தும்.

"பாத்தேன்டி. கோலு போனதும் அஞ்சு நிமிஷம் எந்திரிச்சு போயிட்டேன். அப்பால வந்துட்டேன்."

"பரவால்ல, எனக்கே எந்திரிச்சுப் போவணும்போலத்தான் இருந்துச்சு." அம்மாவும் பெண்ணும் சேர்ந்து சிரித்தார்கள். "ரோஷினி வெரலு இன்னும் எறங்கலம்மா. வியாழக்கெழம யாருன்னு நாளைக்குத்தான் சொல்வாங்க. தாய்லாந்தோட, அவங்க ஊர்லயே. நாப்பதாயிரம் பேரு வருவாங்களாம்."

பரந்தாமன் கையை நீட்டினார். சாமுண்டீஸ்வரி ஒரு கணம் தயங்கினாள். பிறகு போனைக் கொடுத்தாள்.

"பாப்பா."

அந்தப் பக்கம் பாட்டுச் சத்தம் தூரமாகப் போயிற்று. அவள் எங்கோ தனியாக நடந்து வந்துவிட்டாள் போலிருக்கிறது. "நைனா" என்றாள், கொஞ்சம் பயத்தோடு.

மைக் கொடுத்தால் ஒரு மணி நேரம் விடாமல் பேசுகிற மனிதர். தொண்டையைச் செருமினார். சட்டைப் பொத்தானைத் திருகினார். கடைசியில், கல்யாண வீட்டில் பந்திக்கு வரலாமா என்று கேட்பவரைப் போல மிகவும் மெதுவாகக் கேட்டார்.

"வியாழக்கெழம மேட்ச்ச நான் பாக்கட்டா, வாணாமா? நீ இன்னா சொல்றியோ அதான்."

பரந்தாமன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாமுண்டீஸ்வரி கிட்டே போய், அந்த நாறும் சட்டையைப் பற்றிக் கவலைப்படாமல், அவர் தோளில் சாய்ந்து போனருகே தன் காதை வைத்தாள்.

"நாளைக்கு டீம் சொல்வாங்க நைனா" என்றாள் தேவிப்பிரியா கடைசியில். அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. "அத்தோட சேத்து உனக்கும் சொல்றேன்."